வீட்டுக்கு வராத கத்தி

“ஒங் கத்தி பள்ளிக்கூடத்துல நிக்கும். கடல்ல நிக்குமா? அதச் சொல்லு.”

அத்தை இப்படிக் கேட்டபோது என் கையில், அறிவியல் கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. சுற்றியிருந்த வண்ணக் காகிதத்தைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. அத்தை கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் குந்தியபடி நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“மூணு வாரம் கடல் தண்ணியிலதான் கெடந்துச்சு அத்தே. ஒண்ணும் ஆவல,” என்றேன்.

“சும்மாதானே கெடந்துச்சு?”

அத்தை அடுத்த நண்டை எடுத்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, டம்ளரைக் காட்ட அம்மாவிடம் ஓடினேன்.

அந்த வருஷம் என்னோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்த உங்களுக்கு அந்தக் கண்காட்சி நினைவிருக்கும். என் பக்கத்து மேசையில் இருந்த எரிமலை நேரங்கெட்ட நேரத்தில் பொங்கி, தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்புச் சாயம் ஆனது. அதை இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிச் சிரிக்கிறீர்கள். என் மேசையில் இருந்த இரண்டு கத்திகள் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டீர்கள். எனக்கு எழுத இருப்பது அந்தக் கத்திகளைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை உட்கார்ந்து எழுந்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்கு எப்போதும் பெருமைதான், கூச்சமே கிடையாது. அம்மா கூடையோடு ஷேர் ஆட்டோவில் காரைக்கால் டவுனுக்குப் போய்த் தெருத்தெருவாக மீன் விற்பார். அப்பா கேரளத்து விசைப்படகுகளுக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மாவின் அண்ணன்தான் மாமா, அவர் மனைவிதான் அத்தை. கருக்களாச்சேரியில் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. இரண்டுக்கும் கொல்லை ஒன்றுதான், நடுவில் அந்தத் துவைகல்.

மாமா ஒரு ஃபைபர் படகில் என்ஜின் பிடித்தார். கூட, படகில் பங்கு வைத்திருந்த பங்காளி ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் போவார்கள். படகுக்கென்று ஒரு கத்தி இருந்தது. பழைய லாரியின் வில் பட்டையை வாங்கிக் கொடுத்து, கோட்டுச்சேரி கொல்லரிடம் அடித்து வாங்கியது. பூவரசங்கட்டையில் பிடி. கயிறு அறுப்பது, வலையில் சிக்கிய முள்ளை எடுப்பது, இரை நறுக்குவது, நங்கூரத்தில் ஒட்டிய சிப்பியைத் தட்டுவது எல்லாம் அந்த ஒரே கத்தியில்தான். உப்புக்காற்றில் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் மஞ்சள் பூத்துவிடும். அதனால் கத்தி மட்டும் படகில் தங்காது. கரைக்கு வந்ததும் மாமா அதை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக வந்து, காலைக்கூடக் கழுவாமல், முதலில் துவைகல்லின் மேல் வைப்பார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள் என்பதால் கல்தான் நடுவில். ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா அரிசி போடுவார். மாமா வந்தாச்சு என்று அர்த்தம்.

பிறகு அது அத்தையின் வேலை. பொடி மணலும் தேங்காய் நாரும் வைத்து அலகைத் தேய்ப்பார். நல்ல தண்ணீரில் அலசி, பழைய கைலித் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுவார். கடைசியில் கத்தியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, பிடியை ஆட்டிப் பார்ப்பார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். “என்னத்தே, கத்தி பேசுதா?” என்று கேட்பேன். “பேசாம இருக்கான்னுதான் பாக்குறேன்,” என்பார். பிடிக்குள் ஏதாவது லொடலொடவென்றால் ஒரு மூங்கில் சிம்பைச் செருகித் தட்டிவிடுவார்.

அத்தையின் உள்ளங்கைக் கோடுகளில் எப்போதும் பழுப்பு நிறம் ஏறியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போவதற்கு முன்னால் புளியை வைத்து அரை மணி நேரம் தேய்ப்பார். அப்படியும் முழுசாகப் போகாது. பந்தியில் உட்கார்ந்தால் இலைக்குக் கீழே கையை மறைத்துக்கொள்வார்.

அந்த மார்கழியில் மாமாவின் படகைத் தேடி டவுனிலிருந்து ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். பிரான்சில் குடியிருப்பவர், குளிர்காலத்துக்கு மட்டும் காரைக்காலுக்கு வருவார். தூண்டில் போடுவதில் பைத்தியம். மாமா அவரைச் சில நாள் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பிப் போகும்போது சொல்தா தன் இடுப்பிலிருந்த கத்தியை உறையோடு கழற்றித் துவைகல்லின் மேல் வைத்தார்.

“காட்டுல, மழையில கெடக்குறதுக்குன்னே செஞ்சது தம்பி. வாங்கி வச்சிருந்தேன், வேலையே குடுக்கல. நீதான் இதுக்குச் சரியான ஆளு.”

கறுப்புக் கத்தி. அலகு முழுக்கக் கரும்பலகை மாதிரி மங்கலான கறுப்புப் பூச்சு. வாய் மட்டும் வெள்ளிக் கோடாக மின்னியது. பிடி தடித்த ரப்பர், விரல் பதிய மேடு பள்ளத்தோடு. உறையிலிருந்து எடுத்தால் புது செருப்புக் கடை வாசனை அடித்தது. மாமா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். “இத வச்சு மீன் அறுத்தா அந்த மனுசன் வருத்தப்படுவாரு,” என்றார். அத்தைக்கு வேறு சந்தேகம். “அந்தக் கறுப்பு மீனுல எறங்கிக் கசக்கும்.” அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. அத்தை சொன்னது எல்லாமே சரியாக இருந்துவிடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

கண்காட்சிக்குத் துரு பற்றி ஏதாவது செய் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். எல்லோரும் ஆணியை பாட்டிலில் போடுவார்கள். நான் மாமாவிடம் இரண்டு கத்திகளையும் கேட்டேன். மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்தார்; படகுக்கு அதுவரை ஒரு ஓட்டைக் கத்தியை வைத்துச் சமாளித்தார். இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, கருக்களாச்சேரிக் கடல் தண்ணீர், குறுக்கே மூங்கில் குச்சி. குச்சியில் கயிறு கட்டி, கொல்லர் கத்தி ஒரு தொட்டியிலும் கறுப்புக் கத்தி இன்னொன்றிலும் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட்டேன். தினம் பார்த்து எழுதினேன். கொல்லர் கத்தி இரண்டாம் நாளே பழுத்தது, பிறகு செதில் செதிலாக உரிந்தது. கறுப்புக் கத்தி அப்படியே இருந்தது.

அப்படியே என்றால், முழுக்க அப்படியே இல்லை. கண்காட்சி அன்று காலை டீச்சர் அதைத் தூக்கிப் பார்த்தபோது, ரப்பர் பிடி தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சொட்டு பழுப்புத் தண்ணீர் அலகில் வழிந்தது. டீச்சர் கைக்குட்டையால் துடைத்தார். “பக்கத்துத் தொட்டித் தண்ணி தெறிச்சிருக்கும்மா. பளிச்சுன்னு இருக்கட்டும்.” நானும் அப்படித்தான் நினைத்தேன். மேசையில் இரண்டு அட்டைகள் வைத்தேன். ‘துருப்பிடிக்கும் கத்தி’, ‘துருப்பிடிக்காத கத்தி’. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், என் அழகான கையெழுத்தில்.

மாமாவும் அத்தையும் பார்க்க வந்தார்கள். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். கொல்லர் கத்தியின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் கையில் இருந்த வரைக்கும் ஒரு நாள்கூடத் துரு ஏறாத கத்தி அது.

“என்னா எழுதியிருக்குற இதுல?”

வாசித்துக் காட்டினேன். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். சுற்றிலும் டவுன் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அப்போது நான் அதைக் கவனித்தேனா, இல்லை பிறகு நினைத்துப் பார்த்ததில் சேர்ந்துகொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. கவனித்தேன் என்றுதான் தோன்றுகிறது. நடுவர்கள் வந்துகொண்டிருந்ததால் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பரிசு வாங்கிய மறுநாள் மாமாவுக்குச் சட்டம் போட்டேன். வேறு எப்படிச் சொல்வது?

“மாமா, இனிமே கறுப்புக் கத்திய படகுலயே வச்சிருங்க. தினம் தூக்கிட்டு வர வேண்டாம். இதுக்கு மணலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அத்தைக்கு வேலை மிச்சம்.”

“அப்புடியா சொல்லுற?”

“சோதிச்சுத்தானே சொல்லுறேன்.”

மாமா சிரித்துக்கொண்டே அத்தையைப் பார்த்தார். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தார். அன்றிலிருந்து கத்தி படகிலேயே, என்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில், அதன் உறைக்குள் கிடந்தது. கரையில் ஏலம் போடும் இடத்தில் யாராவது கத்தியைப் பற்றிக் கேட்டால் மாமா, “எங்க புள்ள டெஸ்ட்டு பண்ணிக் குடுத்தது,” என்பார். டெஸ்ட் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லும் விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சும்மாவே நான் நிமிர்ந்துதான் நடப்பேன், அந்தச் சில மாதங்களில் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். பங்காளி மட்டும் கிண்டல் செய்வார். “மாப்ள, ஒங்க புள்ளய நம்ம என்ஜினையும் தொட்டியில தொங்கப்போடச் சொல்லேன்.”

கத்தி உழைத்தது, அதை மறுக்க முடியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய படகுகள் கரையில் நிற்கும்போது ஃபைபர் படகுகளுக்குத்தான் வேலை அதிகம். மணல் ஏறிய நைலான் கயிற்றை நாளெல்லாம் அறுத்ததில் வாய்க்கு மேலே கறுப்பு தேய்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. சிப்பி தட்டிய இடத்தில் பொட்டுப் பொட்டாக உரிந்தது. மற்றபடி கறுப்பு அப்படியே இருந்தது. பள்ளி விட்டு வரும்போது கரைக்குப் போய் உறையிலிருந்து கத்தியை எடுத்துப் பார்ப்பேன். அலகைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கீறலில் மட்டும் லேசாகத் துரு தெரியும், கட்டைவிரலால் தேய்த்தால் போய்விடும். எவ்வளவு நல்ல பூச்சு என்று நினைப்பேன். நான் அலகை மட்டும்தான் பார்த்தேன். பிடியை ஆட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. உறைக்குள் எப்போதும் ஈரம். விரலை விட்டால் நசநசவென்று உப்பு ஒட்டும். அதையும் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

கொல்லையில் ‘டக்’ சத்தம் நின்றுபோனது. அம்மா அரிசி போடுவதற்கு மாமாவின் இருமலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். சித்திரையில் ஒரு கல்யாணம் வந்தது. புளி தேய்க்காமலே அத்தையின் கை வெளுத்திருந்தது. பந்தியில் இலைக்கு மேலேயே கையை வைத்து, எல்லோருக்கும் முன்னால் அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டார். அம்மாகூட, “அண்ணி கையப் பாரேன், டீச்சரம்மா கை மாதிரி,” என்றார். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தார். இதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டு பாயசம் குடித்தேன்.

மாங்கனித் திருவிழா முடிந்த வாரம் அது நடந்தது. காரைக்காலில் இறைத்த மாம்பழம் ஒன்றை அம்மா எனக்காகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார், அது வீட்டில் கனிந்து மணத்துக்கொண்டிருந்தது. அந்த மணத்தோடுதான் எனக்கு இது ஞாபகம் இருக்கிறது. கடலில் காற்று கூடியிருக்கிறது. திரும்பி வரும்போது அறுந்த வலை ஒன்று மிதந்து வந்து என்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிட்டது. மாமா என்ஜினைத் தூக்கி, பின்பக்கம் குனிந்து, இறுகிப்போன நைலானை அறுத்திருக்கிறார். பலமாக இழுத்தபோது கத்தி பிடியோரம் முறிந்தது. பிடி அவர் கையிலேயே நிற்க, முறிந்த அலகு எகிறித் திரும்பி அதே கையின் மணிக்கட்டு உட்பக்கத்தைக் கிழித்துவிட்டது.

வேறொரு படகு வந்து இழுத்துக்கொண்டு வந்தது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தினார்கள், பிறகு புதுச்சேரிக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் போயின.

ஊர் அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதற்றத்தில் மாமா கத்தியைக் கடப்பாரை மாதிரி விட்டு நெம்பியிருப்பார், கத்தியால் நெம்பினால் எந்தக் கத்திதான் தாங்கும்? பங்காளி ஏலக் கரையில் இதைச் சொன்னபோது நான் அங்கேதான் நின்றேன். “புள்ள குடுத்தது நல்ல கத்திதான். ஆளுதான் அவசரப்பட்டுட்டான்.” அலையில் படகைத் தத்தளிக்க விட்டவர் என்று மாமாவுக்குப் பெயர் வந்தது. மாமாவும் அதை மறுக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான். “நான்தாம்மா நெம்பிட்டேன். நீ சொன்னது சரிதான்.”

நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. கத்தி எங்கே என்று கேட்டேன். “கடல்ல போச்சு,” என்றார் அத்தை. மாமா அதன் பிறகு என்ஜின் பிடிக்கவில்லை. கடலுக்கும் அதிகம் போகவில்லை. கரையில் உட்கார்ந்து, மடங்காத இரண்டு விரல்களுக்கு இடையில் ஊசியைச் செருகி வலை முடையக் கற்றுக்கொண்டார். நான் என்றைக்காவது அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், “ஒனக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? போய்ப் படி,” என்பார்கள். போய்ப் படித்தேன்.

பாலிடெக்னிக் முடித்து, இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டில் காட்டிலும் மலையிலும் முகாம் போடுகிறவர்களுக்கான கருவிகளுக்குப் பூச்சுப் போடுகிற இடம். உப்புத்தண்ணீரைப் புகையாகத் தெளிக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் கத்திகளை வரிசையாகச் செருகி மூடிவிட்டு, நாள் கணக்கில் வைத்திருந்து எடுத்துப் பார்ப்போம். என் ஒன்பதாம் வகுப்புத் தொட்டிகளின் பெரிய வடிவம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

போன மாதம் வந்த கத்திகளைப் படகுக்காரர்களுக்கும் விற்கப்போவதாகச் சொன்னார்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது அலகெல்லாம் கன்னங்கறேலென்று இருந்தது. தேறியது என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. ஒரு கத்தியைக் கையில் எடுத்தேன். பிடி தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சொட்டு பழுப்புத் தண்ணீர் வழிந்து என் கையுறையில் விழுந்தது. பக்கத்துத் தொட்டி எதுவும் அங்கே இல்லை.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். பிடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“நம்மள டெஸ்ட் பண்ணச் சொன்னது கோட்டிங். ஹேண்டில் இல்லம்மா,” என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வீட்டிலிருந்து இட்லி கொண்டுவருபவர். திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

சனிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினேன். கொல்லை வழியாகத்தான் போனேன். அத்தை துவைகல்லில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா வேலியோரம் வலையை விரித்து முடைந்துகொண்டிருந்தார்.

“யாரு, ஆபீசரா? சொல்லாமக் கொள்ளாம?” என்றார் மாமா.

நான் பையைக்கூட இறக்கவில்லை. “மாமா, அன்னிக்கு நீங்க நெம்புனீங்களா?”

மாமா ஊசியை நிறுத்தவில்லை. “இத்தன வருசம் கழிச்சு என்னா கேள்வி இது? நெம்புனேன்னுதான் சொன்னேன்ல?”

“நெம்புனீங்களான்னு கேக்குறேன்.”

அத்தை சட்டியைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய கைலித் துணிப் பொட்டலத்தோடு வந்து, அதைத் துவைகல்லின் மேல் வைத்தார். ‘டக்’ என்றது.

கறுப்புக் கத்திதான். அலகு தனி, பிடி தனி. அறுபடாத நைலானில் மாட்டிக்கொண்டு அலகும் படகோடு வந்திருக்கிறது. இரண்டின் மேலும் எண்ணெய் மினுமினுத்தது. அலகில் கறுப்பு இன்னும் முக்கால்வாசி இருந்தது. பிடிக்குள் போகும் வால் பகுதி மட்டும் கறையான் தின்ற குச்சி மாதிரி இளைத்திருந்தது. பிடிக்குள்ளே பூச்சே போட்டிருக்கவில்லை. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பினேன். விளிம்பெல்லாம் எண்ணெய் ஊறிய பழைய துருப் பள்ளம். நடுவில் விரல் நகத்து நுனி அளவுக்கு மட்டும் அன்றைக்கு முறிந்த இரும்பு, சர்க்கரை மாதிரி மின்னியது. அந்த அளவு இரும்புதான் கடைசியில் கத்தியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நெம்பவே வேண்டியதில்லை. இழுத்தாலே போதும்.

“கடல்ல போச்சுன்னீங்களே அத்தே.”

“ஒங் கண்ணுல படக்கூடாதுன்னு மாமாதான் சொல்லச் சொன்னாரு. பரிச்ச எழுதுற புள்ள.”

“தூக்கிப் போட்டிருக்கலாம்ல?”

“எப்புடிப் போடுறது? மாசத்துக்கு ஒருதடவ எண்ணெ போட்டு வைப்பேன். அப்ப செய்யாததுக்கு இப்பவாவது செய்வோம்னு.”

“என்னாலதான் அத்தே. கத்தி வீட்டுக்கு வர வேண்டாம்னு நாந்தானே சொன்னேன்,” என்றேன். வழக்கம்போல, ஒனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஆமா,” என்றார் அத்தை. “ஒம்மேல கோவம்தான். கொஞ்சமா நஞ்சமா? என் கத்திய அத்தன பேரு முன்னால துருப்புடிக்க வச்சு எழுதிப்போட்டியே. அதுலேருந்தே கோவம்.”

அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. நான் துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். “ஆனா நீ வேண்டாம்னு சொன்னாலும், நான் ஒரு நாளாச்சும் எடுத்தாங்கன்னு கேட்டிருக்கலாம்ல. கேக்கல. கை வெளுத்துச்சு. அந்தக் கல்யாணத்துல எல்லாரும் பாத்தாங்க. சொகமா இருந்துச்சு. கடல்ல நிக்குமான்னு ஒங்கிட்டக் கேட்டுட்டு, நின்னுச்சான்னு நான் பாக்கல.”

வேலியோரத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். “ரெண்டு பேருமே எடுத்துக்கிட்டா எனக்கு? நீ அப்ப ஒம்பதாவது படிச்ச புள்ள. எனக்கு நாப்பது வயசு. கையில வச்சிருந்தவன் நான், பிடி லொடலொடன்னுச்சு, எனக்குத் தெரியாதா? ரப்பரு, அப்புடித்தான் இருக்கும்னு விட்டேன்.”

“எனக்குத்தான் பெரிய பங்கு மாமா. நான் விட்டுத்தர மாட்டேன்,” என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனாலும் அது வீம்புதான்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மீன் பங்கு மாதிரி சண்ட போடுறத பாரு. படகுக்கும் என்ஜினுக்கும் பங்கு உண்டுல்ல? கத்திக்கும் ஒண்ணப் போடு.”

சிரித்துவிட்டதால் மாமாவின் விரல் மடங்கிவிடவில்லை. அவர் முடிச்சை இறுக்குவதற்குப் பல்லால் நூலைப் பிடித்து இழுத்தார். அதைப் பார்த்தபடிதான் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது பொட்டலத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “திருப்பிக் கொண்டாருவியா?” என்றார் அத்தை. கொண்டுவருவேன் என்றேன். கட்டிக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை எண்ணெய் தடவினார்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் மேசையில் அந்தக் கைலித் துணியை விரித்தேன். எண்ணெய் வாசனை அறை முழுக்கப் பரவியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறிந்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரோட கத்தி?”

“எங்க மாமாவோடது. நான் டெஸ்ட் பண்ணித் தேறுச்சுன்னு சொன்னது.”

“சரி, அதுக்கு இப்ப என்னம்மா பண்ணணும்ங்கிற?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், கையோடு கொண்டுபோயிருந்த புது வரிசையின் முதல் கத்திப் பிடியிலிருந்து திருகைக் கழற்றிவிட்டிருந்தேன்.